பிகிள்ஸை எழுதிய ‘கேப்டன்’ ஜான்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிகிள்ஸ் என்ற ஆங்கிலேய விமானியின் சாகசக் கதைகளை நம் நாட்டிலும் இரண்டு மூன்று தலைமுறையினர் நூலகங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறார்கள். அட்டையில் ‘கேப்டன் டபிள்யூ. இ. ஜான்ஸ்’ என்று போட்டிருக்கும். அவர் யார், உண்மையிலேயே விமானம் ஓட்டினாரா, கதையில் வருவதெல்லாம் அவருக்கு நடந்ததுதானா என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

யார் இந்த ஜான்ஸ்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

வில்லியம் ஏர்ல் ஜான்ஸ். இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டு நகரை ஒட்டிய பெங்கியோவில் 1893 பிப்ரவரி 5 அன்று பிறந்தார். 1968 ஜூன் 21 அன்று இறந்தார். இடைப்பட்ட 75 ஆண்டுகளில் சுகாதார ஆய்வாளர், குதிரைப்படைச் சிப்பாய், இயந்திரத் துப்பாக்கி வீரர், விமானப் பயிற்சியாளர், குண்டுவீச்சு விமானி, போர்க் கைதி, ஆள்சேர்ப்பு அதிகாரி, ஓவியர், பத்திரிகை ஆசிரியர் என்று பல வேலைகள் பார்த்துவிட்டார். எழுதிய நூல்கள் 160க்கு மேல். அவற்றில் ஏறத்தாழ நூறு பிகிள்ஸ் நூல்கள்.

போருக்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தார்?

சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அப்பா தையற்காரர். பையன் பள்ளியில் சுமார் ரகம். படிப்பு முடிந்ததும் 1907இல் நகராட்சி நில அளவையாளர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பழகி முடித்து, 1912இல் நார்ஃபோக் மாவட்டத்தில் ஸ்வாஃப்ஹம் என்ற சிற்றூருக்குச் சுகாதார ஆய்வாளராகப் போனார். சாக்கடையும் கழிவுநீரும் பார்க்கிற உத்தியோகம். அடுத்த ஆண்டே நார்ஃபோக் யோமன்ரி என்ற பகுதிநேரக் குதிரைப்படையில் சேர்ந்துகொண்டார். வாரநாளில் சாக்கடை, ஓய்வு நாளில் குதிரை. இருபது வயது இளைஞனுக்கு இரண்டில் எது பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. பகுதிநேரப் படை முழுநேரப் படையானது. அதே ஆண்டு அக்டோபரில் பாதிரியார் ஒருவரின் மகளான மாட் ஹண்ட்டைத் திருமணம் செய்துகொண்டார்.

விமானி என்றுதானே சொல்கிறார்கள்? தரைப்படையிலும் சண்டை போட்டாரா?

போட்டார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பின்னால் அவர் வானத்தைப் பற்றி எழுதியதற்கெல்லாம் அடிப்படை இந்த மண்ணில்தான் இருக்கிறது.

1915 செப்டம்பரில் அவருடைய படைப்பிரிவு துருக்கியின் கலிபோலி முனைக்கு அனுப்பப்பட்டது. குதிரைகளை ஊரிலேயே விட்டுவிட்டுக் காலாட்படையாகப் பதுங்குகுழியில் இறங்க வேண்டியிருந்தது. ஆகஸ்டுத் தாக்குதல்கள் தோற்றுப்போன பிறகு போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். எதிரி மேட்டில், இவர்கள் பள்ளத்தில். வயிற்றுக்கடுப்பும் ஈக்களும் வேறு. நவம்பர் கடைசியில் பெருமழை கொட்டிப் பதுங்குகுழிகள் நிரம்பின, பின்னாலேயே பனிப்புயல் வந்தது. குண்டுக்குத் தப்பியவர்கள் குளிரில் விறைத்துச் செத்தார்கள். டிசம்பரில் பிரிட்டிஷ் படை கலிபோலியைக் கைவிடத் தொடங்கியது. ஜான்ஸ் எகிப்துக்குப் போனார்.

1916இல் இயந்திரத் துப்பாக்கிப் படைக்கு மாறி, அங்கிருந்து சலோனிக்கா போர்முனைக்கு, அதாவது இன்றைய வட கிரேக்கத்துக்குப் போனார். அங்கே பல்கேரியர்களைவிடக் கொசுதான் பெரிய எதிரி. சண்டையில் விழுந்தவர்களைவிடப் பல மடங்கு பேர் மலேரியாவில் படுத்தார்கள். ஜான்ஸும் படுத்தார். மருத்துவமனையில் கிடந்தபோதுதான் விமானப்படைக்கு மாறும் முயற்சி கைகூடியது.

ஏன் விமானப்படை? அது இன்னும் ஆபத்தாயிற்றே?

ஆபத்துதான், அவருக்கும் அது தெரியும். சாகத்தான் வேண்டுமென்றால் சேற்றில் நின்றுகொண்டு சாவதைவிடச் சுத்தமான காற்றில் உட்கார்ந்துகொண்டு சாகலாம் என்ற பொருளில் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கலிபோலியையும் சலோனிக்காவையும் பார்த்த சுகாதார ஆய்வாளர் வேறெப்படிச் சொல்வார்?

1917 செப்டம்பரில் ராயல் ஃப்ளையிங் கோர் எனப்பட்ட அன்றைய விமானப்படையில் தற்காலிக இரண்டாம் லெப்டினன்ட் பதவி கிடைத்தது. இன்றைய விமானப்படை போல நினைத்துக்கொள்ள வேண்டாம். மரச்சட்டம், அதன் மேல் துணி, துணியின் மேல் வார்னிஷ், எங்கு பார்த்தாலும் கம்பி. விமானிகளுக்குப் பாராசூட் கிடையாது. சில மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தனியாக அனுப்பிவிடுவார்கள்.

பயிற்சியாளராக இருந்தபோது நிறைய விமானங்களை நொறுக்கினாராமே?

நொறுக்கினார், ஆனால் எல்லாம் அவர் குற்றமில்லை. 1918இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் மார்ஸ்க் என்ற இடத்தில் பயிற்சியாளராக இருந்தார். அன்றைய என்ஜின்கள் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று நாளில் மூன்று விமானங்களை அவர் தொலைத்தார்: ஒன்று கடலில், ஒன்று மணலில், மூன்றாவது சக அதிகாரி ஒருவரின் வீட்டுப் புழக்கடை வாசலில். மூடுபனியில் வழி தவறி ஒரு செங்குத்துப் பாறையில் மோதப் பார்த்ததும் உண்டு.

இன்னொன்று: தன் விமானத்தின் புரொப்பெல்லரைத் தானே சுட்டு வீழ்த்திக்கொண்டார், அதுவும் இரண்டு முறை. இது கேலிக்காகச் சொல்லப்பட்ட கதை இல்லை. அந்தக் காலத்துப் போர் விமானத்தில் துப்பாக்கி புரொப்பெல்லருக்குப் பின்னால் இருக்கும். புரொப்பெல்லரின் இரண்டு அலகுகளும் குறுக்கே வராத நொடியில் மட்டும் குண்டு வெளியேறும்படி என்ஜினோடு இணைத்த ஒரு கருவி அதைக் கட்டுப்படுத்தும். அந்தக் கருவியின் தாளம் கொஞ்சம் பிசகினால் முதலில் போவது நம்முடைய புரொப்பெல்லர்தான். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு, கீழே ஏதாவது வயல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டியதுதான். பிகிள்ஸ் கதைகளில் என்ஜின் கோளாறும் கட்டாயத் தரையிறக்கமும் ஏன் இத்தனை முறை வருகின்றன, ஏன் அவை சண்டைக் காட்சிகளைவிட நம்பும்படி இருக்கின்றன என்பதற்கு மார்ஸ்க் ஒரு பதில்.

அவர் சுட்டு வீழ்த்தப்பட்ட நாளில் என்ன நடந்தது?

1918 கோடையில் அவர் 55ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் சேர்ந்தார். பிரான்சில் நான்சி நகருக்கு அருகே அஸெலோ என்ற இடத்தில் அதன் தளம். ஜெர்மனிக்குள் நுழைந்து ஆலைகள், ரயில் நிலையங்கள் மீது குண்டு போடுவதற்கென்றே அமைத்த ‘சுயேச்சைப் படை’யின் ஒரு பகுதி அது. பகலில் பறப்பார்கள்.

ஓட்டியது டிஎச்4 என்ற இரண்டு இருக்கை விமானம். முன்னால் விமானி, பின்னால் சுற்றிலும் கண்காணிக்கும் ‘பார்வையாளர்’, அவரிடம் ஒரு துப்பாக்கி. இருவருக்கும் நடுவே பெட்ரோல் தொட்டி. இந்த அமைப்பால் இரண்டு தொல்லைகள். ஒருவர் கத்துவது மற்றவர் காதில் சரியாக விழாது. தொட்டியில் குண்டு பாய்ந்தால் இருவர் கதையும் முடிந்தது.

செப்டம்பர் 16 அன்று ரைன் நதிக்கரையில் உள்ள மான்ஹைம் நகரம் இலக்கு. அஸெலோவிலிருந்து நேர்கோட்டில் சுமார் 190 கிலோமீட்டர். ஜான்ஸின் பின்னிருக்கையில் இரண்டாம் லெப்டினன்ட் ஏமி. வழியில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் சூட்டில் விமானம் சேதமடைந்தது. அணியை விட்டு விலகித் தனியே திரும்ப வேண்டிய நிலை. தனியாகப் போகிற குண்டுவீச்சு விமானத்தை ஜெர்மன் போர் விமானங்கள் விட்டுவைக்குமா? சூழ்ந்துகொண்டன. நெடுநேரச் சண்டை. ஏமி மரண காயமடைந்தார். விமானம் தரையில் விழுந்து நொறுங்கியது. ஜான்ஸ் மட்டும் உயிரோடு வெளியே வந்து கைதியானார்.

அடுத்த எட்டு வாரங்களில் போரே முடிந்துவிட்டது. போர்முனையில் அவர் பறந்த காலம் இரண்டு மாதத்துக்கும் குறைவு. அவர் இறந்திருக்கலாம் என்றுதான் வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆள் நேரில் வந்து நின்றார்.

அப்படியானால் எதிரி விமானங்களை வீழ்த்திய பெரிய வீரர் இல்லையா?

இல்லை. அவர் ஓட்டியது குண்டுவீச்சு விமானம். பிகிள்ஸ் ஓட்டும் சாப்வித் கேமல் போன்ற ஒற்றை இருக்கைப் போர் விமானத்தில் அவர் எதிரியோடு மோதியதில்லை. இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. வீழ்த்தியவனின் கண்ணோடு எழுதியிருந்தால் அந்தக் கதைகள் வெறும் தம்பட்டமாகப் போயிருக்கும். வீழ்ந்தவர், பின்னிருக்கையில் கூட வந்தவரை இழந்தவர் எழுதியவை அவை.

‘கேப்டன்’ பட்டம் எங்கிருந்து வந்தது?

அவரே வைத்துக்கொண்டது. போருக்குப் பிறகும் விமானப்படையில் தொடர்ந்து, 1920இல் ‘ஃப்ளையிங் ஆபீசர்’ ஆனார். தரைப்படைக் கணக்கில் அது லெப்டினன்ட்டுக்குச் சமம். கேப்டனுக்கு ஒரு படி கீழே. அதற்கு மேல் அவர் ஏறவில்லை. 1927இல் பணியிலிருந்து விலகிச் சேமப்படைக்குப் போனார். எழுத்தாளரான பிறகு ‘கேப்டன்’ சேர்ந்துகொண்டது, கடைசி வரை போகவில்லை. புத்தகம் விற்க அது உதவியிருக்கும். சின்னப் பொய்தான், ஆனால் பொய்.

அரேபிய லாரன்ஸை வேலைக்கு எடுக்க மறுத்தவர் இவர்தானா?

இவரேதான். ஜான்ஸின் வாழ்க்கையில் எல்லாரும் விரும்பிக் கேட்கும் பகுதி இது. நடந்ததை ஜான்ஸ் பின்னாளில் சொன்னபடி சொல்கிறேன்.

1922 ஆகஸ்ட் இறுதி. லண்டன் கோவென்ட் கார்டனில் விமானப்படையின் ஆள்சேர்ப்பு அலுவலகம். ஜான்ஸ் அங்கே அதிகாரி. மெலிந்த, குட்டையான ஒருவர் வந்து கடைநிலைச் சிப்பாயாகச் சேர வேண்டும் என்றார். பெயர் ஜான் ஹ்யூம் ராஸ் என்றார். பேச்சும் தோரணையும் சிப்பாய் வேலைக்கு வருகிறவர்களைப் போல இல்லை. சான்றிதழ்கள் கையில் இல்லை, பிறகு கொண்டுவருகிறேன் என்றார். குற்றம் செய்துவிட்டுப் படைக்குள் ஒளிந்துகொள்ள வருகிறவர்கள் அந்தக் காலத்தில் உண்டு என்பதால் ஜான்ஸ் பிறப்புப் பதிவேட்டில் விசாரித்தார். அந்தப் பெயரில் அப்படி ஒருவர் பிறந்ததாகவே பதிவில்லை. ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அதே ஆள், விமானப்படை அமைச்சகத்தின் தூதுவர் ஒருவரோடு திரும்பி வந்தார். இவரைச் சேர்த்துக்கொள்ளவும் என்று மேலிடத்து உத்தரவு. சரி என்று மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பினால், மருத்துவர்கள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். உடம்பு நலிந்திருந்தது, முதுகில் சவுக்கடித் தழும்புகள் இருந்தன. கடைசியில் வெளியிலிருந்து ஒரு மருத்துவரை வரவழைத்துக் கையெழுத்து வாங்கி, ‘ராஸ்’ படையில் சேர்க்கப்பட்டார். வந்தவர் கர்னல் டி. இ. லாரன்ஸ், உலகப் போரில் அரபுக் கிளர்ச்சியோடு பெயர் பெற்றவர், என்பது இதற்குள் ஜான்ஸுக்குத் தெரிந்துவிட்டது. லாரன்ஸ் போகவிருந்த அக்ஸ்பிரிட்ஜ் பயிற்சி முகாமுக்கு முன்கூட்டியே தகவலும் சொல்லிவிட்டார்.

ஜான்ஸ் நல்ல கதைசொல்லி என்பதை மறக்காமல் இதைப் படிக்க வேண்டும். ஆனால் லாரன்ஸ் அந்த அலுவலகத்தில் பொய்ப் பெயரில் சேர்ந்ததும், முதலில் தடை வந்து மேலிடம் தலையிட்டதும் நடந்தவைதாம்.

எழுத்துக்கு எப்படி வந்தார்?

படம் வரைந்துகொண்டே வந்தார். விமானப்படையை விட்டதும் விமான ஓவியங்கள்தாம் அவர் பிழைப்பு. பத்திரிகைகளுக்கும் புத்தக அட்டைகளுக்கும் வரைந்தார். 1922இலேயே ‘மாஸிஃபேஸ்’ என்ற நாவலை வில்லியம் ஏர்ல் என்ற பெயரில் வெளியிட்டிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை.

1932இல் ‘பாப்புலர் ஃப்ளையிங்’ என்ற மாத இதழ் தொடங்கியது. ஆசிரியர் ஜான்ஸ். பக்கத்தை நிரப்பக் கதை வேண்டும். அன்று சந்தையில் கிடைத்த விமானப் போர்க் கதைகளைப் படித்தால் போரில் பறந்தவர்களுக்குச் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும். விமானத்தைப் பார்த்தேயிராதவர்கள் எழுதியவை. நாமே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தார். ஏப்ரல் இதழில் ‘தி ஒயிட் ஃபோக்கர்’ வெளியானது. ஜேம்ஸ் பிகிள்ஸ்வொர்த், சுருக்கமாகப் பிகிள்ஸ், அதில்தான் பிறந்தான். அதே ஆண்டு கதைகள் தொகுக்கப்பட்டு ‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’ என்ற நூலாயின.

பிகிள்ஸ் என்பது ஜான்ஸ்தானா?

இல்லை. எந்த விமானப்படை விடுதியிலும் அப்படி ஒருவனைப் பார்த்திருக்க முடியும் என்று அந்த முதல் நூலின் முன்னுரையில் ஜான்ஸ் சொல்கிறார். பலரைச் சேர்த்துச் செய்த உருவம்.

ஆனால் முதல் கதையில் பிகிள்ஸ் எப்படி அறிமுகமாகிறான் என்று பார்க்க வேண்டும். நிமிர்ந்த நெஞ்சும் கூரிய பார்வையும் கொண்ட நாயகன் இல்லை. ஒல்லியான, சிறுவன் போன்ற உருவம். ஓரிடத்தில் நிற்காத கண்கள். பெண்பிள்ளைக்கு இருப்பது போன்ற சிறிய கைகள், அவையும் சும்மா இருப்பதில்லை. எதையாவது பிடித்து நோண்டிக்கொண்டே இருக்கின்றன. வயதுக்கு மீறிய கோடுகள் முகத்தில். தினமும் பறந்து, தினமும் யாராவது ஒருவர் திரும்பி வராததைப் பார்த்து, நரம்பு தளர்ந்துகொண்டிருக்கும் இளைஞன் அவன். அந்தத் தொகுப்பின் கடைசிப் பகுதிக்கு வந்தால் காலை உணவுக்கு முன்பே விஸ்கியைத் தேடும் நிலைக்கு வந்துவிடுகிறான். இவனை ஊருக்கு அனுப்பி ஓய்வு கொடுக்காவிட்டால் செத்துவிடுவான் என்று மேலதிகாரிகள் கவலைப்படுகிறார்கள்.

பிகிள்ஸ் என்றால் அசட்டுத் துணிச்சல்காரன், ஆபத்தைக் கண்டு சிரிப்பவன் என்று படிக்காதவர்கள் கேலி செய்வதுண்டு. பின்னால் வந்த பல நூல்களுக்கு அந்தக் கேலி பொருந்தும். 1932 பிகிள்ஸுக்குப் பொருந்தாது. போர் ஒரு மனிதனின் கைகளை என்ன செய்கிறது என்று சிறுவர் நூல் வரிசையில் இவ்வளவு கூர்ந்து எழுதியவர்கள் குறைவு. ஜான்ஸ் எழுதிய எல்லாவற்றிலும் இதுதான் நிற்கும் என்பது என் எண்ணம்.

காதலும் ஒன்று உண்டு. ‘அஃபேர் தெ கர்’ என்ற கதையில் மாரி ஜானிஸ் என்ற பெண்ணிடம் பிகிள்ஸ் மனதைப் பறிகொடுக்கிறான். அவள் ஜெர்மன் உளவாளி. அதன் பிறகு அவன் வாழ்க்கையில் பெண்ணே இல்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1965இல் வெளிவந்த ‘பிகிள்ஸ் லுக்ஸ் பேக்’ நூலில் அவளைக் கம்யூனிஸ்ட் நாடொன்றிலிருந்து மீட்கப் போகிறான். கூடப் போகிறவன் அவனுடைய நெடுநாள் எதிரி ஃபான் ஸ்டால்ஹைன்.

பிகிள்ஸுக்கு இந்தியாவோடு தொடர்பு உண்டா?

கதைப்படி 1899இல் இந்தியாவில் பிறந்தவன். அப்பா இங்கே பிரிட்டிஷ் ஆட்சியில் அதிகாரி. சிறுவயதை இங்கே கழித்துவிட்டுப் பள்ளிக்கு இங்கிலாந்து போகிறான். (1899இல் பிறந்தவன் 1940இல் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டுகிறானே, வயது 41 ஆகிறதே என்று கணக்குப் பார்க்கக் கூடாது. ஜான்ஸ் பார்க்கவில்லை.)

விஸ்கி லெமனேடாக மாறியது என்கிறார்களே, அது என்ன?

முதல் கதைகள் எழுதப்பட்டது பெரியவர்களும் வளர்ந்த பையன்களும் படித்த இதழுக்கு. பிறகு ‘மாடர்ன் பாய்’ போன்ற சிறுவர் பத்திரிகைகள் பிகிள்ஸை எடுத்துக்கொண்டன. வாசகர்களின் வயது இறங்கிக்கொண்டே போனது. பழைய கதைகளை மறுபதிப்புச் செய்தபோது பதிப்பாளர்களுக்குச் சங்கடம். எதிரியின் கண்காணிப்புப் பலூனை யார் முதலில் வீழ்த்துவது என்று இரண்டு ஸ்குவாட்ரன்கள் பந்தயம் கட்டும் கதை ஒன்று உண்டு. மூலத்தில் பந்தயப் பரிசு ஒரு பெட்டி விஸ்கி. 1950களின் பதிப்பில் அது ஒரு பெட்டி லெமனேட். உயிரைப் பணயம் வைத்து, பீரங்கிகளுக்கு நடுவே பறந்து, லெமனேடுக்காக பலூனைச் சுடுகிறார்கள்! கேலிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

பத்திரிகை ஆசிரியர் வேலையை ஏன் இழந்தார்?

வாயைக் கட்டிக்கொள்ளாததால். 1930களில் பிரிட்டிஷ் அரசு ஹிட்லரோடும் முசோலினியோடும் விட்டுக்கொடுத்துச் சமாதானமாகப் போய்விடலாம் என்ற கொள்கையில் இருந்தது. விமானப் பத்திரிகை ஆசிரியர் என்றால் புது விமானம், புது என்ஜின் என்று எழுதிக்கொண்டிருக்கலாம். ஜான்ஸ் தலையங்கத்துக்குத் தலையங்கம் அரசைத் தாக்கினார். விமானப்படையிடம் போதிய விமானங்கள் இல்லை, இருப்பவை பழசு, பயிற்சி பெற்ற விமானிகள் போதாது, போர் வரப்போகிறது, இளைஞர்கள்தாம் மறுபடியும் சாகப் போகிறார்கள் என்று எழுதினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிரிட்டன் தலையிடாமல் ஒதுங்கி நின்றதையும் கண்டித்தார். பழமையான பேரரசு அபிமானி என்று அவரை ஒரே பெட்டியில் அடைப்பவர்கள் இந்தத் தலையங்கங்களைக் கணக்கில் எடுப்பதில்லை.

1939 தொடக்கத்தில் அவரை ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். இதழ் நன்றாக விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அதே ஆண்டு செப்டம்பரில் போர் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் பறந்தாரா?

இல்லை, வயது 46 ஆகிவிட்டது. எழுதினார், விமானப்படையில் சேரவிருந்த இளைஞர்களுக்கு உரையாற்றினார். எந்த அரசைத் திட்டினாரோ அந்த அரசுக்கே அவர் பேனா தேவைப்பட்டது. விமானப்படையின் பெண்கள் பிரிவுக்கு ஆள் சேர்க்க உதவும்படி கேட்டார்கள். அப்படிப் பிறந்தவள் வொரல்ஸ் என்ற பெண் விமானி. முதல் நூல் 1941இல் வந்தது. மொத்தம் 11 நூல்கள். ஜான்ஸுக்குத் தெரிந்த இரண்டு பெண் விமானிகள், எமி ஜான்சனும் பாலின் கோவரும், அவளுக்கு மாதிரி. வொரல்ஸ் எவன் துணையும் இல்லாமல் காரியத்தை முடிக்கிறவள். ஆண்கள் ஏதாவது சொன்னால் வாங்கிக்கட்டிக்கொண்டு போவார்கள். பிகிள்ஸ் கதைகளில் பெண்களே இல்லையே என்று குறைப்படுகிறவர்கள் இவளைத் தேடிப் படிக்கலாம்.

தரைப்படை எங்களுக்கும் ஒருவன் வேண்டும் என்று கேட்டது. கமாண்டோ வீரன் கிம்லெட் வந்தான், 10 நூல்கள். பிற்பாடு விண்வெளிக் கதைகளும் 10 எழுதினார்; அவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனவெறிக் கதைகள் என்ற குற்றச்சாட்டு நியாயமானதா?

பெரும்பாலும் நியாயமானது. பிகிள்ஸ் உலகம் சுற்றுகிறான். போகிற இடமெல்லாம் பேரரசுக்குச் சொந்தம் போலவே நடந்துகொள்கிறான். ஆப்பிரிக்கர்களும் தீவுவாசிகளும் விசுவாசமான வேலைக்காரர்களாகவோ மூடநம்பிக்கைக் கூட்டமாகவோ வருகிறார்கள். கலப்பினத்தவர் என்றாலே வில்லன் என்று வைத்துக்கொள்ளும் பழக்கம் ஜான்ஸிடம் இருந்தது, அது படிக்கப் படிக்கக் கசக்கிறது. 1960, 70களில் பிரிட்டனில் பல நூலகங்கள் இந்த நூல்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள் என்று சாக்குச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹிட்லர் விஷயத்தில் காலத்துக்கு முன்னால் யோசித்தவர், இந்த விஷயத்தில் ஏன் யோசிக்கவில்லை என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

போர்க் கதைகளில் இந்தத் தொல்லை குறைவு. எதிரில் இருப்பவன் ஜெர்மன் விமானி. அவனும் நம்மைப் போல நடுங்கிக்கொண்டு பறப்பவன் என்ற மரியாதை அங்கே இருக்கிறது.

குடும்ப வாழ்க்கை?

முதல் திருமணம் போருக்குப் பின் சில ஆண்டுகளில் முறிந்தது. ஜாக் என்று ஒரு மகன், 1916இல் பிறந்தவன். பிறகு டோரிஸ் லீ என்ற பெண்ணோடு சேர்ந்து வாழத் தொடங்கினார், கடைசி வரை வாழ்ந்தார். முதல் மனைவி மாட் ஹண்ட்டை விவாகரத்துச் செய்யவில்லை. அவருக்கும் மகனுக்கும் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். டோரிஸை எல்லாரும் திருமதி ஜான்ஸ் என்றே அழைத்தார்கள். சிறுவர் எழுத்தாளர் என்பதால் இந்த விஷயம் வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். நாற்பதுகளில் ஸ்காட்லாந்துக்குக் குடிபோய்ச் சுமார் பத்தாண்டுகள் இருந்தார்கள். மீன்பிடிப்பும் தோட்டமும் அவருக்கு உயிர். தோட்டக்கலை இதழ் ஒன்றில் பல ஆண்டுகள் பத்தி எழுதியிருக்கிறார். பிறகு லண்டனை ஒட்டிய ஹாம்ப்டன் கோர்ட்டில் வீடு. அங்கே பிகிள்ஸ் நூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது இறந்தார். அந்தக் கதை பாதியில் நிற்கிறது.

எதைப் படிக்கத் தொடங்கலாம்?

‘தி கேமல்ஸ் ஆர் கமிங்’. பிறகு 1935இல் வந்த ‘பிகிள்ஸ் லேர்ன்ஸ் டு ஃப்ளை’; பிகிள்ஸ் விமானம் ஓட்டப் பழகுவதில் தொடங்கி, அரைகுறைப் பயிற்சியோடு பிரான்சுக்குப் போய் இறங்கும் கதை அது, ஜான்ஸின் சொந்த அனுபவம் அதிகம் கலந்தது. இரண்டும் பிடித்திருந்தால் ‘பிகிள்ஸ் லுக்ஸ் பேக்’. மற்றவை கைக்குக் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் நஷ்டமில்லை. முதல் நூலை வாங்கும்போது பலூன் பந்தயக் கதையைப் புரட்டிப் பாருங்கள். பரிசு லெமனேட் என்று இருந்தால் வைத்துவிட்டு வேறு பதிப்பைக் கேளுங்கள்.